நீங்கள் சொன்ன முதல் பாகம்

படூர்
3 நவம்பர் 2025

அன்புள்ள தமிழுக்கு,

நலம். அங்கே நீயும் அத்தையும் குமார் மச்சான் வீட்டாரும் நலமா? போனில் கேட்டால் "உம்" என்கிறாய். "பேச்சுல உங்களப் புடிக்க முடியாது மாமா, இன்னா சொல்றதா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். மச்சான் கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருகிற வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் வஞ்சிர வாடை அடித்தால் என்னைத் திட்டாதே, உன் அண்ணனைத் திட்டு.

'அலைவீரன்' இரண்டாம் பாகம் வெள்ளிக்கிழமை வருகிறது. முதல் பாகம் நினைவிருக்கிறதா? நமக்கு நிச்சயம் ஆன மாசம், செங்கல்பட்டில் மதியக் காட்சி. நடுவில் காவலுக்கு உட்கார்ந்த மச்சான் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டார். மின்னல் பட்டுச் சக்தி வந்த மீனவப் பையன், கைலியைக் கிழித்து முகமூடி கட்டிக்கொண்டு வந்து நின்றபோது தியேட்டரே விசிலடித்தது. நீ மட்டும், "வலையைப் புடிக்கத் தெரியல, இவன் ஊரைக் காப்பாத்தப் போறானா" என்று சிரித்தாய். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கு அந்தப் படம் என்றால் உன் சிரிப்புதான். அவன் பறந்ததெல்லாம் அதற்கப்புறம்.

இரண்டாம் பாகத்தையும் சேர்ந்தே பார்ப்போமா? புது வேலை நல்லபடியாகப் போகிறது. எதற்கும் கவலைப்படாதே. வருகிறாய் என்றால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

உன்
தீனா


புதுப்பட்டினம்
9 நவம்பர் 2025

மாமாவுக்குத் தமிழரசி எழுதுவது.

எல்லாரும் நலம். மழையில் படகு எதுவும் போகவில்லை. கருவாடு காயவில்லை என்று அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் படம் பார்த்துவிட்டேன். நேற்று பவானி அண்ணியோடு இ.சி.ஆர். தியேட்டருக்குப் போனேன். உங்களோடு வர மனசு ஒப்பவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் பாகத்தின் கால் தூசிக்கு வராது. கைலி முகமூடி போய், பீரோவைத் தூக்கி மாட்டிக்கொண்டது போல ஒரு உடுப்பு. ஒரு வில்லன் போதாதென்று மூன்று பேர். சண்டையெல்லாம் நட்சத்திரங்களுக்கு நடுவில். பெயர்தான் அலைவீரன், படம் முழுக்க ஒரு அலை இல்லை. பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் தின்று வளர்ந்தவன் பச்சையாக எதையோ கண்ணாடித் தம்ளரில் குடிக்கிறான். "இதுக்கா மழைல நனைஞ்சிகினு வந்தோம்?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதெல்லாம் போகட்டும். தொடக்கத்தில் முதல் பாகத்தின் முடிவைத் திரும்பக் காட்டினார்கள்.

அன்றைக்கு நாம் முடிவைப் பார்க்கவில்லை. நிச்சயமான பெண் விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்ததால், கடைசிச் சண்டை தொடங்கும்போதே எழுந்து பஸ்ஸுக்கு ஓடினோம். "நான் மொத நாளே பார்த்துட்டேன், கதைய நான் சொல்றேன்" என்று திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அலைவீரன் சண்டையில் ஜெயித்து, நேராக அவன் காதலி பொன்னியின் வீட்டுக்குப் போய், முகமூடியைக் கழற்றி, "நான்தான் அது. இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்" என்றானாம்.

அவன் எங்கே சொன்னான்? ஒரு வார்த்தை சொல்லாமல் கடலுக்குள் போய்விட்டான். அவன் செத்துவிட்டான் என்று பொன்னி கரையில் விழுந்து அழுகிறாள். இரண்டாம் பாகத்தில் அவள் மாலை போட்ட போட்டோ, அவ்வளவுதான். டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் முடிகிற நேரத்தில் டீ கேட்டு என்னை அடுப்படிக்கு விரட்டியது எதற்கென்று இப்போது புரிகிறது.

உங்களுக்கு ஒன்று தெரியாது. அந்த முடிவைக் கேட்டபோதுதான் எனக்கு உங்கள் மேல் ஆசையே வந்தது. அதுவரை நீங்கள் அம்மா பார்த்த மாப்பிள்ளை. மறைக்காமல் இருப்பதுதான் வீரம் என்று நினைக்கிற ஆள் கிடைத்திருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படிப்பட்ட நீங்கள் வேலை போன பிறகு இரண்டு மாதம், தினமும் என் கையிலிருந்து டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினீர்கள். ஒரு நாள் நீங்கள் மறந்து வைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் வேலை பார்த்த அப்பார்ட்மென்ட் வாசலில் போய் நின்றேன். "எலெக்ட்ரீஷியன் தீனாவா? அவரு நின்னு ரெண்டு மாசம் ஆவுதேம்மா" என்றார் வாட்ச்மேன். அந்தப் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வேலை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. புது வேலை நல்லபடியாகப் போகிறது என்கிறீர்கள். என்ன வேலை? ஒரே ஒரு தடவை, சர்க்கரை தடவாமல் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் படூருக்கு வருவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று முடிவு செய்யப் போகிறேன்.

தமிழரசி


படூர்
12 நவம்பர் 2025

தமிழு,

மச்சான் உன் கடிதத்தைக் கொடுத்தபோது என் தோளில் தண்ணீர் கேன் இருந்தது. அதுதான் புது வேலை. எலெக்ட்ரீஷியனாக இருந்த அதே அப்பார்ட்மென்ட்டில்தான் கேன் போடுகிறேன். "இன்னாப்பா தீனா, நீ லைட்டு பார்க்கிறவன்தானே?" என்று மாடி வீட்டு அம்மா கேட்கிறார். சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது. தோளும் வலிக்கிறது. வேறு நல்ல வேலை கிடைக்கும் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதவில்லை. வேலை தருகிறேன் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

வேலை போன அன்று உன்னிடம் சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாய். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சாப்பிட்ட பிறகு உன் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. காலையில் டிபன் பாக்ஸை நீட்டினாய், வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியவில்லை.

படத்தை முதல் நாளே பார்த்தேன் என்றது புளுகு. பஸ் கிளம்பியும் நீ ஜன்னல் வழியாகத் தியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய், கண் கலங்கியிருந்தது. பொறுக்காமல் ஒரு முடிவைக் கட்டிவிட்டேன். உன்னை டீ போட அனுப்பிவிட்டு நானும் சேனலை மாற்றிவிடுவேன். நிஜ முடிவை நான் இன்றைக்கு வரை பார்த்ததில்லை. என் கணக்கில் அவன் இன்னும் பொன்னி வீட்டில்தான் இருக்கிறான்.

வந்துவிடு தமிழு. நீ வருவதற்குள் சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, வீட்டைக் கல்யாண வீடு மாதிரி ஆக்கிவைக்கிறேன்.

தீனா


புதுப்பட்டினம்
14 நவம்பர் 2025

மாமாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கேன் தூக்கறதுல இன்னா வெக்கம்? நான் தலைல மீன் கூடை தூக்கல?" என்றாள். தோளுக்குத் தைலம் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். உங்கள் மேல் கோபம் போகவில்லை என்றும் எழுதச் சொன்னாள். எனக்கும் முழுசாகப் போகவில்லை.

படத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் முடிவுதான் நல்ல முடிவு. படம் எடுத்தவர்களுக்கு அது தோன்றியிருந்தால் பொன்னியைப் போட்டோவாக மாட்டியிருக்க மாட்டார்கள், இரண்டாம் பாகமும் தேறியிருக்கும். சினிமாவுக்கு எத்தனை முடிவு வேண்டுமானாலும் கட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நம் வீட்டுக்கு மட்டும் கட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வண்டியில் வருகிறேன். சுவருக்கு வெள்ளை அடிக்காதீர்கள். திரை வாங்காதீர்கள். பாத்திரம்கூடக் கழுவ வேண்டாம். நான் இல்லாமல் அந்த வீடு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். நான் அதைப் பார்க்க வேண்டும்.

தமிழ்