தம்பி தூக்கிய விரல்

ஞாயிறு, ஒக்டோபர் 12, ஹம், ஜேர்மனி

அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் இருக்கும் தம்பி வந்திருக்கிறான். இன்று என் காரை அவன்தான் ஓட்டினான். எதிரே வந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் ஸ்டியரிங்கிலிருந்து சுட்டுவிரலைத் தூக்கினான். ஒருவர் ஹோர்ன் அடித்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

"விரலைத் தூக்காதை. இஞ்ச பிழையா நினைப்பாங்கள்."

"அங்க ஆளுக்காள் இப்பிடித்தான் வணக்கம் சொல்லுறது, அக்கா. கண்ணுக்கெட்டின மட்டும் புல்வெளிதான், ஒரு வீடும் இராது. சில நாளில எனக்கு ஆக்களோட கதை எண்டா அந்த விரல் மட்டும்தான். பங்குனியில வாங்கோவன், ஆறு முழுக்க நாரை வந்து இறங்கும்."

லீவு கிடைக்காது என்றேன்.

"ஓம்" என்றான்.

பிறகு வீடு வரும்வரை இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். எதிரே வாகனம் வரும்போதெல்லாம் நான் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.