சார்லி வீட்டு அடுப்பு

மார்ச் 29

காப்பிக் கடைக்கு லார்னகாவிலிருந்து ஒரு டயர் வியாபாரி வந்திருந்தார். என்னைக் காட்டி, "இவரு யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். இங்கே முதலில் பெயரை யார் கேட்கிறார்கள்! நான் வாய் திறக்கும் முன்பே கடைக்காரன் ஹம்பிஸ் முந்திக்கொண்டான். "இவனா? லண்டன் சார்லி. இந்தக் கடையில காப்பிக்குப் பால் கேட்ட ஒரே ஆளு."

லண்டனில் பிறந்து வந்த சைப்ரஸ்காரர்கள் எல்லோருக்கும் ஊர் வைத்திருக்கும் பெயர் சார்லி. பால் கேட்டது உண்மைதான், வந்த முதல் வாரத்தில்; இங்கே காப்பியைக் கறுப்பாகவே குடிப்பார்கள் என்று அப்போது தெரியாது. ஆறு வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அப்பா இருந்தவரை, "என் மகன்டா அவன், மரியாதையாப் பேசு" என்று கைத்தடியால் மேசையைத் தட்டுவார். ஜனவரியில் அப்பா போய்விட்டார். இன்று தட்ட ஆளில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 4

தங்கை ஆந்தி லண்டனிலிருந்து பேசினாள். "அப்பாவைப் பாத்துக்கத்தானே அங்க போனே? அவரே இல்ல. இனிமே உனக்கு அங்க யாரு இருக்கா? வீட்டை வித்துட்டு வந்துடு அண்ணா."

ஈஸ்டர் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்வேன்? லண்டனில் பஸ் ஓட்டிய காலம் முழுக்க நான் 'அந்த சைப்ரஸ்காரன்'. இங்கே வந்தால் லண்டன்காரன். நடுவில் இருப்பது கடல். அதிலா குடியிருப்பது?

ஏப்ரல் 5

கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அப்பாவுடையதைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 16

சுவருக்கு அந்தப் பக்கம், ரொடூலா அக்கா வீட்டு முற்றத்தில், சீஸ் துருவும் சத்தம். ஃப்ளவூனாவுக்கு, அதாவது சீஸ் வைத்துச் சுடும் ஈஸ்டர் ரொட்டிக்கு. போன வருடம் இதே நாள் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, கை சும்மாதானே இருக்கு? வந்து துருவு" என்றாள். தெருவே அங்கேதான் இருந்தது. நோன்பு என்பதால் யாரும் ருசி பார்க்க முடியாது. ஆளாளுக்குக் கிண்ணத்தில் மூக்கை விட்டு, உப்பு சரி, புதினா பத்தாது என்று ஒரே சண்டை. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

இந்த வருடம் கூப்பிடவில்லை. சாயங்காலம் வாசலில் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்களா? அவ்வளவுதானா?

ஏப்ரல் 17, பெரிய வியாழன் — காலை

கூப்பிடாவிட்டால் போகட்டும். சீஸ் வாங்கிவிட்டேன், பாஃபோஸ் ஊர்ச் சரக்கு. திராட்சை, புதினா, எள், எல்லாம் இருக்கிறது. முற்றத்தில் அப்பாவின் மண் அடுப்பு இருக்கிறது. நான் என்ன இந்த ஊர்க்காரன் இல்லையா? புகையைப் பார்க்கட்டும். ஈஸ்டரன்று தின்றுவிட்டு ஆந்திக்குப் போன் போட்டு, வீட்டை விற்கச் சொல்கிறேன்.

மாலை



விறகு அப்போதுதான் பற்றியது. ரொடூலா அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "அய்யய்யோ, என்ன பண்றே நீ! துக்க வீட்டுல ஃப்ளவூனாவுக்கு அடுப்பு மூட்டுவாங்களா?"

"நீங்கதான் என்னைக் கூப்பிடலையே" என்றேன். இந்த வயதில், குழந்தை மாதிரி.

"எப்படிடா கூப்பிடுவேன்? அப்பா போன பிறகு முதல் ஈஸ்டர். இந்த வருஷம் உன் கையில மாவு படக் கூடாது. நாங்கதான் செஞ்சு கொண்டாந்து தரணும். உனக்கும் சேர்த்துத்தான் பிசைஞ்சிருக்கோம்."

"நேத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களே அக்கா?"

"உன்னப் பாத்தா உங்கப்பா யாங்கோஸ் அண்ணனே நிக்கிற மாதிரி இருக்கு. துருவிக்கிட்டே அழச் சொல்றியா? சீஸ் உப்புக் கரிச்சுடும்."

அப்புறம் அவளே குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு யாரு சொல்லியிருப்பா. உங்கம்மா காலமானதும் லண்டன்லதானே."

ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். நான் சீஸ் கலந்துவைத்திருந்த கிண்ணத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இதை இங்கே விட்டால் நான் மறுபடி மூட்டுவேனாம். வாசலில் நின்று கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள்.

"புதினா பத்தாது."

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மேசையில் இடமில்லை. நாற்காலிகளிலும் தட்டுகள். எங்கள் தெரு, பின் தெரு, பேரே தெரியாத ஒரு வீடு. வருகிறவர்கள் வைத்துவிட்டு, அப்பா பேரைச் சொல்லி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். ஹம்பிஸும் வந்தான். "அம்மா குடுத்தனுப்பிச்சாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சார்லி என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. அதில்தான் நான் உடைந்துபோனேன்.

கடவுளே, நன்றி. எனக்கு யாரும் இல்லை என்றா நினைத்தேன்? மடையன்.

ஏப்ரல் 27

ஆந்தியிடம் சொல்லிவிட்டேன், வரவில்லை என்று. ஏன் என்றாள். வந்த ரொட்டியையே இன்னும் தின்று முடிக்கவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். 

"அம்மா காலமான வருஷம் ஃப்ளவூனாவ நாம கடையில வாங்கினோம், இல்ல அண்ணா?"

ஆமாம். பிளாஸ்டிக் பையில்.

பிப்ரவரி 20

ஹம்பிஸின் அம்மா காலமாகிவிட்டார். கடை பூட்டியிருக்கிறது.

ஏப்ரல் 11, பெரிய சனி

நேற்று முன்தினம் துருவிய கை இன்னும் வலிக்கிறது. அக்கா சுவர் வழியாகக் கத்தியதும் போய்விட்டேன். அப்பாவின் அடுப்பையும் மூட்டினேன். புகையைப் பார்த்து யாரும் ஓடிவரவில்லை. முதல் தட்டு ஹம்பிஸுக்கு என்று எடுத்து வைத்தேன். துக்க வீட்டுக்குத்தான் முதலில் என்று அக்கா சொல்ல வந்தாள், தட்டைப் பார்த்தாள், சொல்லாமலே போய்விட்டாள்.

ஹம்பிஸ் கறுப்புச் சட்டை, சவரம் செய்யாத முகம். தட்டை வாங்கித் துணியை விலக்கி முகர்ந்தான். கண் கலங்கிவிட்டது.

"புதினா பத்தாது சார்லி."

"தெரியும்டா."

லிமசோலிலிருந்து வந்திருந்த அவன் சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வாசல்ல யாருடா? யாரு வீட்டுப் பிள்ளை?"

"யாங்கோஸ் மகன் சித்தி" என்றான் ஹம்பிஸ். "நம்ம பையன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். சித்தி காப்பி கொடுத்தாள். கறுப்பாகவே குடித்தேன்.