துவைக்காத துணியைக் கேட்ட அக்காவுக்கு

என் பிரியத்துக்குரிய ருக்மணி அக்கா,

நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்கினால் சிரிப்பீர்கள். அதனால் நேரே சேதிக்கு வருகிறேன். போன மாதம் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்தேன். தலைமாட்டில் நீங்கள் இல்லாமல்.

நீங்கள் போனபிறகு பச்சைக் குழந்தைகளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், விரை இறங்காத பையன்கள், இவை போதும் என்று இருந்துவிட்டேன். சின்னதாக ஏதாவது வந்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கேட்டவர்களிடம் கண் முன்போல இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை அக்கா. குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்தால்தான் எனக்குக் கை ஓடும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவள். அக்கா மயக்க மருத்துவர். கோயமுத்தூரில் ஒரே தியேட்டரில், நான் வயிற்றுப் பக்கமும் அவர் தலைப் பக்கமுமாக எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறோம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. சத்தம் போடுவது என் வேலை, சத்தம் கேட்டு மிரண்டவர்களைச் சமாதானப்படுத்துவது அவர் வேலை. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். குழந்தை மயங்கும்வரை "பங்காரு, பங்காரு" என்று, தங்கமே என்று அர்த்தம், காதோரம் கொஞ்சிக்கொண்டே இருப்பார். தமிழ்க் குழந்தைக்கு எதற்குத் தெலுங்கு என்று நான் வம்புக்கு இழுத்தால், "தூங்கறதுக்கு எந்தப் பாஷையா இருந்தா என்ன அம்மணி" என்பார்.

அக்கா, உங்கள் மேட்சிங் துணிக் கொத்து என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதை எதற்காகச் செய்தீர்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் பக்கத்துத் தாய்மார்கள் டாக்டரிடம் வருமுன் குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கன்னத்தில் மை வைத்து, வாந்தி எடுத்த துணியையெல்லாம் அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். டாக்டர் முன்னால் அழுக்காகப் போய் நிற்கலாமா என்ற மரியாதை. நமக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தை அந்த மரியாதை தண்ணீரில் விட்டுவிடும். பால் திரிந்து வெள்ளையாகக் கக்கினால் பெரும்பாலும் பயமில்லை. பச்சையாகக் கக்கினால் குடல் அடைத்திருக்கலாம், முறுக்கியும் இருக்கலாம். உடனே பார்த்தாக வேண்டும். என்ன நிறம் என்று வாயால் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி, "பித்தமுங்க, மஞ்சளா இருந்துச்சு" என்பார்கள்.

"அந்தத் துணி எங்க அம்மணி? தொவைக்காம கொண்டாந்திருக்கலாமில்ல?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஜாக்கெட் துணிக் கடைக்குப் போனீர்கள். நானும் கூட வந்தேன். வெளிர் மஞ்சளிலிருந்து பாட்டில் பச்சை வரை ஒவ்வொன்றிலும் விரலகலம் வெட்டிக் கேட்டீர்கள். "எந்தப் புடவைக்குங்க மேட்சிங்?" என்றார் கடைக்காரர். நீங்கள் முகம் மாறாமல், "வாந்திக்குங்க" என்றீர்கள். நான் கடைக்கு வெளியே போய்ச் சிரித்தேன். ஆனால் உங்கள் கணக்கு தப்பவில்லை. வாயால் மஞ்சள் என்று சொல்லும் அதே பெண், துணியை நீட்டினால் சரியான நிறத்தில் விரலை வைத்துவிடுவாள்.

இப்போது சரண்யாவைப் பற்றி. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்து மருமகள், தலைப்பிரசவம், பெண் குழந்தை. கணவன் பிரபு காரை ஓட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான்.

"ஒன்னுமில்லீங்க மேடம். காத்தால இருந்து பாலைக் கக்குது. சும்மா ஒருக்கா காட்டிட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்றான்.

ஒன்றுமில்லாமல் யாராவது உடுமலையிலிருந்து கைக்குழந்தையோடு வருவார்களா? ஆனால் குழந்தையைப் பார்த்தால் அவன் சொல்வது சரி என்றுதான் தோன்றியது. பவுடர் மணக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு மெத்தென்று இருந்தது. உப்பசம் இல்லை, காய்ச்சல் இல்லை. வேறொருவராக இருந்தால் பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"என்ன கலர்ல கக்குனா கண்ணு?"

"பித்தமாட்ட மஞ்சளா இருந்துச்சுங்க."

"துணி எங்க?"

"தொவைச்சுப்போட்டேனுங்க" என்றாள், நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று தெரியாமல்.

டிராயரைத் திறந்து கொத்தை நீட்டினேன். மஞ்சளையெல்லாம் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனாள். இளம்பச்சையில் ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் தள்ளி, கடைசிக்கு முந்தின துணியில் விரலை வைத்தாள். "இதேதானுங்க" என்றாள். நல்ல கரும்பச்சை.

உடனே ஸ்கேனுக்கு அனுப்பினேன். குடல் தன் ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு சுழித்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. கருவில் குடல் சரியாக உட்காராமல் போனால் வரும் கோளாறு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் நின்றால் குடல் முழுக்கக் கருகிவிடும். வழக்கம்போல வேறு இடத்துக்கு அனுப்பப் போனை எடுத்தேன். அங்கே இருந்த சர்ஜன் இன்னொரு குழந்தையோடு தியேட்டருக்குள் இருந்தார். சாயங்காலம் ஆகிவிடும் என்றார்கள். சாயங்காலம் வரை அந்தக் குடல் தாங்காது. போனை வைத்தேன் அக்கா, இனி நான்தான் செய்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. பிரபுவிடம் கையெழுத்துக் கேட்டால், "அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்களே" என்றான். அப்பா ஈரோட்டுக்குப் போயிருந்தார், பேத்திக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் துணி எடுக்க. ஜவுளி மார்க்கெட் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. "அவரைக் கேக்காம எங்க ஊட்டுல எதுவும் பண்ண மாட்டமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை. அத்தனை பணிவாக ஒருவன் நின்றால் எப்படித் திட்டுவது? இந்த இடத்தில்தானே நீங்கள் வருவீர்கள்? நான் கத்தத் தொடங்குவதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏனுங் தம்பி" என்று ஆரம்பிப்பீர்களே.

நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். பிரபு பக்கம் இல்லை, சரண்யா பக்கம்.

"கொடல் முறுக்கிக் கெடக்குது கண்ணு. இப்பப் பிரிச்சு உட்டாப் பொழைக்க வாய்ப்பு நெறைய இருக்குது."

"நேரமாச்சுன்னா என்னங்க ஆவும்?"

"கொடல் மொத்தமும் கருகிப்போச்சுன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது."

அவள் அழவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். "தாய் கையெழுத்துப் போட்டா ஆவுமுங்களா?" என்று கேட்டாள். தாராளமாக ஆகும் என்றேன். "அப்பப் பேனாவக் குடுங்க. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். பிரபு போனைக் காதிலிருந்து எடுத்தான். பிறகு குழந்தையின் போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினான்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மயக்க மருத்துவர் பெயர் கார்த்திக். நல்ல படிப்பு, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நீங்கள் உட்கார்ந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்ததற்காகவே அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். அன்றைக்கு நான் தியேட்டருக்குள் போனபோது, யாரும் சொல்லாமலே ஏசியை நிறுத்தி அறையைச் சூடாக்கி வைத்திருந்தார். அந்த நூல் போன்ற நரம்பில் ஒரே முயற்சியில் ஊசி ஏற்றினார். கொஞ்சவில்லை, தெலுங்கும் பேசவில்லை. ஆனால் குழந்தையின் தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வயிற்றைத் திறந்தேன். குடல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. முறுக்கைப் பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பதைத் தவிர அந்த நேரத்தில் யாருக்கும் வேலை கிடையாது. நீங்கள் இருந்தால் பணியாரத்துக்கு அரிசி எப்படி ஊற வைப்பது என்று யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு எல்லாரும் சும்மா நின்றோம்.

அந்தச் சும்மாவில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் அழுகையாக இருந்தது, அன்றைக்குக் கோபமாக வந்தது. உங்களுடைய கடைசிக் காலையிலும் இதே அறையில்தான் இருந்தோம். கேஸ் முடியும் தறுவாயில் நெஞ்சைத் தடவிக்கொண்டீர்கள். என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்ல அம்மணி, வெறும் வாயு. நீ தையலப் போடு" என்றீர்கள். குழந்தை கண் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்து, அதை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் விழுந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. துவைக்காமல் கொண்டு வா என்று ஊரெல்லாம் கெஞ்சினவர், உங்கள் வலியை மட்டும் அலசிக் காயப்போட்டுவிட்டு எங்கள் முன்னால் சுத்தமாக உட்கார்ந்திருந்தீர்களே, அது என்ன நியாயம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதயம் பார்க்கிற டாக்டர் அடுத்த மாடியில்தானே இருந்தார்? என் வேலை கெட்டுவிடும் என்று பார்த்தீர்களா?

"மேடம்" என்றார் கார்த்திக். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "நீங்க அவசரப்படாதீங்க. குழந்தைய நான் பாத்துக்கறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் தாங்குவா."

அந்தச் சொல்லுக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன் போல. துணியை விலக்கிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. மறுபடி மூடி, மறுபடி காத்திருந்து, மறுபடி விலக்கினேன். குடல் நெடுக ரத்தம் திரும்பிவிட்டது. ஓரங்குலம்கூட வெட்டி எடுக்க வேண்டி வரவில்லை. கார்த்திக் மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. நானும் சிரித்தேன், அவரைப் பார்த்து, முதல் தடவையாக.

வெளியே வந்தபோது, ஒருவழியாகப் பிரபுவின் போன் கிடைத்து, ஈரோட்டிலிருந்து அவன் அப்பா வந்து சேர்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப் பைகள், வேர்த்து ஊற்றியிருந்தது. சரண்யா சுவரோரம் எழுந்து நின்றாள். "உங்களக் கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க மாமா" என்றாள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் பைகளைத் தரையில் வைத்தார். "நானா இருந்தா நாலு பேரக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன் கண்ணு. நீ போட்டதுதான் சரி. உக்காரு, பச்ச ஒடம்பு, நிக்காத" என்றார். பிறகு பிரபுவைப் பார்த்து, "ஏன்டா, அவளுக்கு எதாச்சும் சாப்புட வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டார். நான் உடை மாற்றும் அறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிட்டாள் அக்கா. முதலில் துளித் துளியாக, பிறகு அழுது கேட்டு. பெயர் மகிழினி. வீட்டுக்கு அனுப்பி, நேற்று தையலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். எடை ஏறி, கன்னம் உப்பி, என் சட்டையில் வெள்ளை வெளேரென்று கக்கிவிட்டுச் சிரித்தாள். சரண்யா பதறிப்போய்த் துடைக்க வந்தாள். இருக்கட்டும் என்று சொன்னேன். அந்தச் சட்டையோடுதான் மத்தியானம் வரை கேஸ் பார்த்தேன். இன்று காலை இன்னொரு பிஞ்சுக் குழந்தையைத் திருப்பூரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், உணவுக் குழாய் அடைத்துக்கொண்டு. இந்தத் தடவை யாருக்கும் போன் செய்யவில்லை. கார்த்திக்கைத்தான் கூப்பிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரிச் சாய்வுப் பாதையில் ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, இடது தோள் கனக்கிறது. வயசு என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நேற்று கார்த்திக்கிடம் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து, அடுத்த மாடி டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. போவேன். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது, எவ்வளவு பயமாக இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்வேன். ஒன்னுமில்லீங்க என்று மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் எத்தனையோ பிஞ்சுகள் வர வேண்டியிருக்கிறது, நான் இங்கே இருந்தாக வேண்டும்.

உங்கள் வயிற்றுப் பக்கத்துத் தங்கச்சி,
கோமதி