சல்லடைக் கூடத்துக்கு எத்தனை ஹோர்ன்

2024 ஜூன் 18, செவ்வாய்

கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் ஸ்பீக்கர் பூட்டும் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. இன்று மெனேஜர் கடிதம் கொடுத்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் செட் கட்டி இறக்கியே பத்து வருடம் போனது. கட்டிவிட்டுக் கழற்றாமல் வரும் வேலை இதுதான் முதல்.

இந்த வேலை எதற்கு என்பதை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் வயரைப் பற்றி மட்டும்தான் யோசிப்பேன். போன வருடம் அடைமழையில் ஸ்டோருக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. சங்கு ஊதினார்கள். எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள், தூள் சலிக்கிற கூடத்துப் பெண்கள் பதினான்கு பேரைத் தவிர. அவர்களுக்குக் கேட்கவே இல்லை. சேறு வாசல்படிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி ஜெயந்தினி, என் மனைவி.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் ஆகாது என்று யார் சொல்வது?

ஜூன் 21, வெள்ளி. பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் கணேசமூர்த்தி ஐயா இன்று வரச் சொல்லியிருந்தார். "போயா அன்னைக்கு வாங்க தம்பி. மெஷின் ஒண்ணும் ஓடாது. நிம்மதியா அளந்துக்கலாம்."

நிம்மதியாகத்தான் அளந்தேன். கொழுந்து வாட்டுகிற மாடி, ரோலர் கூடம், கடைசியாகச் சல்லடைக் கூடம். ஒரு மூலையில் நின்று சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் மெதுவாகப் பேசினேன். மறு மூலையில் ஐயா தலையாட்டினார். தகரக் கூரை, எதிரொலி அதிகம், சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர் போதும்.

ஜூன் 22, சனி

வரைபடத்தை ஜெயந்தினியிடம் காட்டினேன். விரலை வைத்து, "லெட்சுமியக்கா நிக்கிற எடம் இதுதானே?" என்று கேட்டாள். லெட்சுமியக்காதான் அந்தப் பதினான்கு பேரில் மூத்தவர். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். பிறகு டிவியைப் பக்கத்து வீட்டுக்காரர் லயத்துப் பொதுச் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சத்தமாக வைத்தாள். குறைக்கச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. சண்டை. நாள் முழுக்க ஸ்பீக்கரோடு மாரடிக்கிறவனுக்கு வீட்டிலாவது அமைதி வேண்டாமா?

ஜூலை 3, புதன்

திட்டத்துக்கு மெனேஜர் கையெழுத்து வைத்துவிட்டார். சுற்றுலாக்காரர் தேத்தண்ணி குடிக்கிற கூடத்துக்குக் கூரைப் பெட்டி நான்கு. அங்கே மெல்லிய பாட்டு வேண்டுமாம்.

ஜூலை 8, திங்கள்

மழை. நாள் முழுக்க ஏணியில். இடுப்பு போச்சு.

ஜூலை 10, புதன்

இன்று சோதனை. எல்லா மெஷினும் ஓடுகிற நேரம். ஆபீசில் இருந்து மைக்கில், "எல்லாரும் வேலைய விட்டுட்டு வெளிய வாங்க" என்று ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். ரோலர் கூடத்து ஆட்கள் வந்தார்கள். தேத்தண்ணிக் கூடத்தில் இருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள்கூடக் கோப்பையோடு வந்தார்கள். சல்லடைக் கூடத்தில் இருந்து ஒருவரும் இல்லை.

சத்தத்தைக் கூட்டினேன். ஹோர்ன் கீச்சிட்டது. யாரும் வரவில்லை.

உள்ளே போனேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், மெஷின் ஓடும்போது ஒருநாளாவது அந்த வாசலைத் தாண்டியிருப்பேனா? சல்லடைகள் குலுங்குகிற சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. தூசிக்குப் பயந்து பதினான்கு பேரும் தலையோடு காதையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நேர் மேலே என் ஹோர்ன். ஐயா சொல்வதில் எனக்கே ஒரு சொல் பிடிபடவில்லை. ஜெயந்தினி முதுகைக் காட்டி நின்றாள். இரண்டடி தள்ளி நின்று பேர் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பவில்லை.

ஓடாத ஸ்டோரை அளந்திருக்கிறேன். மடையன். மடையன்.

ஜூலை 11, வியாழன்

அவளிடம் கேட்டேன் – ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"நீங்க எங்க கேட்டீங்க? எத்தனை ஹோர்ன், எத்தனை அடி வயருன்னுதானே பேசினீங்க."

அங்கே ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "கூப்பிடுறதா! லெட்சுமியக்கா லைட்ட ரெண்டு தடவை அணைச்சுப் போடுவாங்க. தேத்தண்ணி நேரம்னு தெரிஞ்சுக்குவோம்."

லைட். எவ்வளவு லேசான விஷயம். அதையே அவசரத்துக்கும் வைக்கலாம் என்றேன். சிரித்தாள். "ரெண்டு தடவைன்னா தேத்தண்ணிங்க. கோப்பையக் கழுவிட்டு ஆடி அசைஞ்சுதான் வருவோம். நிறுத்தாம விட்டு விட்டு எரியணும்."

பிறகு, சாதாரணமாக, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எடது காது ரெண்டு வருசமாவே மந்தமாத்தான் இருக்கு." டிவிக்காக எத்தனை நாள் கத்தியிருக்கிறேன் இவளிடம். ஊரெல்லாம் சவுண்டுக்காரன் என்று பேர். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

மெனேஜரிடம் போனேன். சல்லடைக் கூடத்துத் திட்டம் பிழை என்றேன். சிங்களத்தில் கேட்டார்: போன வாரம் சரி என்று சொன்னது யார்? நான்தான் சார் என்றேன். லைட் விட்டு விட்டு எரிய வேண்டும், அதே பட்டனில் சல்லடை மோட்டர்களும் நிற்க வேண்டும், அதன் பிறகுதான் மைக் என்று விளக்கினேன். மெஷினை நிறுத்துவதா என்று முகம் சுளித்தார். வேலை கையை விட்டுப் போனது என்றே நினைத்தேன். கணேசமூர்த்தி ஐயாதான், "சலிக்கிறத நிறுத்தினா தூள் கெட்டுப் போகாது சார். ரோலர் ஓடட்டும்" என்றார். போயா நாளில் வரச் சொன்னது தன் தவறு என்றும் சேர்த்துச் சொன்னார். நல்ல மனுசன்.

மெனேஜர் பழைய திட்டத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். செய் என்றார்.

ஜூலை 22, திங்கள்

லைட்டும் பட்டனும் பூட்டியாயிற்று. எந்தெந்த இடத்தில் என்று லெட்சுமியக்கா கை காட்டினார், நான் ஏறினேன். மெஷின் ஓட ஓடத்தான் சோதித்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. பகல் பதினொன்றரைக்கு மேடு மறுபடி சரிந்தது. ஹட்டன் கடையில் இருந்தேன். ஐயாவின் போன் வந்ததும் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கேட்டிருக்குமா?

முற்றத்தில் லெட்சுமியக்கா மழையில் நின்று மறுபடி மறுபடி தலையை எண்ணிக்கொண்டிருந்தார். பதினான்கு. தலைத்துணியை அவிழ்க்காமல் ஜெயந்தினி நின்றாள். உயிர் வந்தது எனக்கு. சல்லடைக் கூடத்துப் பின்சுவரில் பாதி இல்லை.

"மைக்குல என்ன சொன்னாங்க?" என்று ஜெயந்தினியிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? லைட்டப் பாத்தோம், வந்தோம்."

ஆகஸ்ட் 14, புதன்

நுவரெலியா ஆஸ்பத்திரியில் காது பார்த்தோம். இடது காதுக்குக் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தத்தில் வேலை செய்தால் வலதும் போகும் என்றார் டாக்டர். வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லி ஐயாவிடம் பேசியிருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார்.

பின்னேரம் அவள் முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். முன்னறை லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

திரும்பினாள். லைட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையில் இருந்த சேலையை முழுக்க மடித்து வைத்துவிட்டு ஆடி அசைந்து குசினிக்கு வந்தாள். தேத்தண்ணி நான்தான் ஊற்றி வைத்திருந்தேன்.