அடிக்கிளையில் ஒரு தாத்தா

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று கிறிஸ்துமஸ் மரம் வைத்தோம். ரங்கநாதன் தெருவில் புதுசாக வெள்ளிப் பந்துகள் வாங்கி வந்திருந்தேன். உன் அப்பா அவற்றைத் தொடவே இல்லை. பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கினார். ஆறாம் வகுப்பில் நீ மீன்வலையில் கட்டும் மிதவை ஒன்றில் கண்ணும் மூக்கும் வரைந்து செய்தாயே கிறிஸ்துமஸ் தாத்தா, அது அடியில் கிடந்தது.

“இன்னா, தாடியே காணோம்?” என்றவர், தானே பஞ்சு எடுத்து ஒட்டினார். அவர் பேச்சை மீறி நீ கல்யாணம் செய்துகொண்டு போன இந்த மூன்று வருடத்தில் உன் பொருள் எதையும் அவர் தொட்டதில்லை.

மற்றதையெல்லாம் மேலே மாட்டிவிட்டு, தாத்தாவை மட்டும் அடிக்கிளையில் கட்டினார்.

“இன்னாய்யா, இவ்ளோ கீழ கட்ற?”

“அவ புள்ள நடக்குதுன்னு சொன்னியே. அதுக்கு எட்ட வேணாமா?” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கடற்கரைக்குப் போய்விட்டார்.

தரமணியிலிருந்து இங்கே அரை மணி நேரம்தான். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னாலும் நான் இருக்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா