சபைக்காரனிடம் விட்ட கம்ப்யூட்டர்

இன்று காலை நம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் பிளாஸ்டிக்குமாக அந்தப் புது வாசனை அடித்தது. நீ இருந்திருந்தால் மானிட்டர் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்கவே விட்டிருக்கமாட்டாய். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. இனி இது கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்ததும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

2006இல் குழித்துறையில் நாம் கடை போட்டபோது இதற்கு இரண்டு வழி இருந்தது. நாகர்கோவில் கம்பெனி ஒன்றோடு வருட ஒப்பந்தம் போடலாம். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெக்கானிக்கை வேண்டும்போது அழைக்கலாம். நான் கம்பெனி என்றேன். நீ மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாய். உன் சர்ச் சபையில் பாட்டுக்குழுவுக்கு மைக் கட்டும் ஜெபசிங்.

“நம்ம சபைக்காரன்லா மக்கா. ஞாயித்துக்கிழமை நம்ம மொகத்துல முழிக்கணும். அந்தப் பயத்துலயே ஒழுங்கா பாப்பான், கேட்டியா” என்றாய்.

அவன் பயந்து நான் பார்த்ததில்லை. பயந்தது நீ. அவன் முகத்தில் விழிக்கவேண்டுமே என்று ஒருநாளும் அவனை ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பிரிண்டர் மக்கர் செய்தாலும் ஃபார்மட், எலி வயரைக் கடித்தாலும் ஃபார்மட். சீடிப் பையோடு டாக்டர் மாதிரி நுழைவான். நீ டீயும் பழம்பொரியும் வாங்கிவைத்துக் காத்திருப்பாய். உலகத்தில் எந்த முட்டாளும் இப்படி ஆள் பிடித்திருக்கமாட்டான்.

பிறகு நாம் படமெடுத்த அந்தக் குலசேகரத்துப் பெண்ணின் கல்யாணம். கல்யாணம் முடிந்த சில நாளில் அவள் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆல்பம் முடிந்திருக்கவில்லை. நான் வேறொரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று நீ அவனை அழைத்தாய். எதையும் எடுத்துவைக்காமல் மொத்த டிஸ்கையும் துடைத்துவிட்டுப் போனான். கேமரா கார்டுகளில் அதற்குள் வேறு படங்கள் ஏறிவிட்டன.

அவள் வந்து, அப்பா கையைப் பிடித்துக்கொடுத்த படம் மட்டும் கேட்டாள். “கரண்டு வந்து போனதுல டிஸ்க் அடிச்சுப் போச்சு மோளே” என்றாய்.

“ஒண்ணுகூட இல்லியாண்ணே? அப்பா முதுகு தெரிஞ்சாலும் போரும்.”

நீ ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று உன்னை நான் வெறுத்தேன். அடுத்த ஞாயிறும் நீ சபையில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய்.

இன்று மத்தியானம் ஜெபசிங் கடைக்கு வந்தான். “அண்ணன் இல்லேன்னாலும் புது மெஷினை நான் பாத்துக்கிடுவேன்” என்றான். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். குலசேகரத்துக் கல்யாணத்தைச் சொன்னேன்.

“அது வேற டிஸ்க்குல வச்சிருந்து கரண்டுல போனதுல்லா? அண்ணன்தான எங்கிட்டச் சொன்னாரு.”

அவனிடமும் அதே கதையையா சொல்லிவைத்தாய்? இத்தனை வருடமும் ஒரு குற்ற உணர்வுமில்லாமல் எத்தனை கடைகளின் டிஸ்கைத் துடைத்திருப்பான்? இதை இரக்கம் என்று மெச்சுவதற்கு ஆள் நானில்லை. நடந்ததை அவனிடம் சொன்னேன். அவள் கேட்டதையும் சொன்னேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, “அந்தப் பிள்ளை வீடு தெரியுமா?” என்றான்.

தெரியும். நாளை இருவரும் போகிறோம். நீ விட்டுப்போன பொய்யை இத்தனை வருடம் நானும் வாயை மூடிக்கொண்டு சுமந்தது போதும். அவள் அப்பாவின் படம் எங்கே போனதென்று அவளாவது தெரிந்துகொள்ளட்டும்.