தம்பி தலைமாட்டுக் கொடி

என் மூத்த வாலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வாய்க்கும் ஒரு குறையுமில்லை, அவரைக் கேட்டால் தெரியும். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அன்று நீ போனில் அழுதபோது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்தேனே, நன்றாகத்தான் கேட்டது. நேரில் இருந்திருந்தால் அடுப்பில் என்னவோ கருகுகிறது என்று ஓடியிருப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வந்து நம் செடிகொடிகளை நெரிக்கிறவை எந்தெந்த ஊரில் பரவியிருக்கின்றன என்று நாடு முழுக்க அலைந்து எழுதுகிற வேலை உனக்கு. அந்த ஆரஞ்சுப் பூக்கொடிக்கு எல்லா ஊரையும் எழுதிவிட்டு நம் ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். எழுதினா ஆள் வந்து பிடுங்கிடுவாங்களேம்மா, தம்பி தலைமாட்டுல நான் வச்சதும்மா என்றாய். தெரியாமல் வைத்தாய், தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும் என்று நர்சரிக்காரன் உன் தலையில் கட்டினான், அதற்கு உன்னை யார் என்ன சொல்லப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எப்போதும் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற இடம்தான், இந்த முறை கொடியைப் பார்ப்பதற்கென்றே போனோம். பக்கத்துக் கற்களையெல்லாம் மூடி, சுவர் ஏறிக் குதித்து, வாய்க்கால் கரை மரங்களின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஒரு மரம் பட்டே போய்விட்டது. செத்தவங்களையும் நிம்மதியா விடமாட்டேங்குதும்மா இது என்றார் காவல்காரர். எனக்குத் தம்பி தூங்குகிற விதம் ஞாபகம் வந்தது. நீ படுக்கை முழுக்க உருளுவாய், அவன் சுவரோரம் ஒட்டிக் கிடப்பான், கேட்டால் அக்காவுக்கு இடம் பத்தாதும்மா என்பான். அவன் பேரைச் சொல்லிக்கொண்டு இது அத்தனை பேர் இடத்தையும் பிடித்திருக்கிறது. எழுதிவிடு கண்ணு. அவன் போனது போனதுதான், பூ ஒன்றும் அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

வாய்க்கால் பக்கம் உன் ஆட்களே வந்து வேரோடு எடுக்கட்டும். பிள்ளை மேல் இருப்பதை வேறு கை பிடுங்க வேண்டாம் என்று நாங்களே செய்தோம், அப்பா அரிவாளால் அறுத்தார், நான் இழுத்தேன். நான் வெகுநேரம் பேசாமலிருப்பதைக் கண்டு பயந்துபோய் அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

புதருக்குள் போகும்போது முழங்கால் வரை பூட்ஸ் போட மறக்காதே, தனியாகப் போகாதே. நன்றாக இரு, நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும். எழுதி முடித்ததும் போன் பண்ணு.

ஒன்று விட்டுப்போயிற்று. கொடியெல்லாம் எடுத்துக் கல்லைத் துடைத்துப் பார்த்தால் அது தம்பியில்லை, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். கொடி மூடியதிலிருந்து அவரிடம்தான் வீட்டு விஷயமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், உன் கல்யாணப் பேச்சு வரைக்கும். தம்பி இரண்டு கல் தள்ளி, இன்னும் கொடிக்குள்ளேயே இருந்தான். அப்பா தண்ணீர்ப் பாட்டிலை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடியும் அரிவாளைக் கையில் எடுத்தார்.

உன் அம்மா